முகத்துக்கு ஊசி: வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவர்களின் பதில்கள்

போடாக்ஸ், ஃபில்லர், ‘கலர் ட்ரிப்’ என்று முகத்துக்குப் போடும் ஊசிகள் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் முழுப்பெயரை வெளியிடவில்லை.

போடாக்ஸும் ஃபில்லரும் ஒன்றுதானா? போடாக்ஸ் என்பது பாம்பு விஷம் மாதிரி ஒரு விஷம் என்று என் நாத்தனார் பயமுறுத்துகிறார். உண்மையா?
– ஆர்.எஸ்., ஈரோடு

நாத்தனார் சொல்வதில் பாதி சரி. பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் விஷம்தான். சரியாகப் பதப்படுத்தாத டப்பா உணவில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நச்சுப் புரதம் அது. நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியே வந்தால்தான் தசை சுருங்கும். இந்த நச்சு அதை வெளியே வரவிடாமல் தடுத்துவிடுகிறது. தசை சுருங்காவிட்டால் அதன் மேலிருக்கும் தோலும் மடியாது.

அழகுக்காகக் கண்டுபிடித்த மருந்தல்ல இது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணைச் சரிசெய்ய இதைப் பயன்படுத்தினார். 1989-ல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்பு நோய்க்கும் அமெரிக்கா அனுமதி தந்தது. கனடாவின் வான்கூவரில் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களின் புருவ நெறிப்பு மறைவதைக் கவனித்தார் கண் மருத்துவர் ஜீன் கருத்தர்ஸ். அவரும் தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேரும் 1992-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அழகுக்கான அமெரிக்க அனுமதி 2002-ல்தான் வந்தது.

புருவ இடைக்கு ஐந்து இடங்களில் நான்கு நான்கு யூனிட்டாக மொத்தம் 20 யூனிட், கண்ணோரச் சுருக்கத்துக்குப் பக்கத்துக்கு 12 யூனிட். இதுதான் வழக்கமான அளவு. உண்மையான மருந்தை இந்த அளவில் போடும்போது உடம்பெங்கும் பரவி ஆபத்தாவது மிக மிக அரிது.

ஃபில்லர் முற்றிலும் வேறு சரக்கு. பெரும்பாலும் ஹயலூரானிக் அமிலத்தைப் பிணைத்துக் கெட்டியாக்கிய ஜெல். தசையை அது ஒன்றும் செய்யாது, பள்ளமான இடத்தை நிரப்பும். போட்ட இடத்தையும் ஜெல்லின் கெட்டித்தன்மையையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை நிற்கும்.

பயனைவிட இரண்டும் கெடும் விதத்தைத் தெரிந்துகொள்வது முக்கியம். போடாக்ஸ் தவறினால் தேவையில்லாத தசை தளரும். மூன்று நான்கு மாதத்தில் மருந்தின் வேலை தானே முடிந்துவிடும். ஃபில்லர் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் கணக்கு நிமிடங்களில் ஓடும். முன்னது காத்திருக்க வேண்டிய விஷயம், பின்னதில் காத்திருக்கவே கூடாது. கீழே வரும் பதில்களில் பல இந்த வித்தியாசத்தில்தான் போய் நிற்கும்.

நெற்றிக்கும் புருவ இடைக்கும் போடாக்ஸ் போட்டு எட்டாவது நாள் வலது கண் சின்னதாகிவிட்டது. போட்ட இடத்தில் கேட்டால் “நன்றாகத் தேய்த்து மசாஜ் செய்யுங்கள், சரியாகிவிடும்” என்கிறார்கள். நிரந்தரமாக இப்படியே நின்றுவிடுமா?
– வாசகி, கோவை

நிற்காது. மசாஜும் செய்ய வேண்டாம். எட்டாவது நாளில் தேய்ப்பதால் உள்ளே போன மருந்து வெளியே வரப்போவதில்லை.

முதலில் இறங்கியிருப்பது இமையா, புருவமா என்று பாருங்கள். கண்ணாடி முன் நின்று நேராகப் பார்த்து, வலது புருவத்தை விரலால் மெல்ல மேலே தூக்குங்கள். கண் பழைய அளவுக்குத் திறந்துவிட்டால் இறங்கியது புருவம். நெற்றித் தசையை அளவுக்கு மீறித் தளர்த்தியதாலோ, மிகக் கீழே குத்தியதாலோ வருவது. புருவத்தைத் தூக்கிப் பிடித்தும் மேல் இமையின் விளிம்பு கருவிழிமேல் திரைபோல் தொங்கினால், அது இமைச் சரிவு. புருவ இடையில் போட்ட மருந்து எலும்பு விளிம்பைத் தாண்டிக் கசிந்து, இமையைத் தூக்கும் தசையைத் தொட்டிருக்கிறது. புருவத்தின் வெளிப்புறமாகக் குத்தும் ஊசியைக் கண்குழி எலும்பின் விளிம்புக்கு 1 செ.மீ. மேலே குத்த வேண்டும் என்று பாடம் சொல்வது இதற்காகத்தான். அந்த இடைவெளி குறைந்தாலும், மருந்தில் தண்ணீர் அதிகமாகி அது நெடுந்தூரம் பரவினாலும் இப்படி ஆகும்.

இமைச் சரிவு பெரும்பாலும் இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். அதுவரை சமாளிக்க அப்ராக்ளோனிடின் 0.5 சதவீதச் சொட்டு மருந்து இருக்கிறது. இமையில் முல்லர் தசை என்று இன்னொரு சிறு தசை உண்டு. இந்தச் சொட்டு அதைச் சுருக்கி, இமையை 1 அல்லது 2 மி.மீ. தூக்கிக் கொடுக்கும். கண் மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகே போடுங்கள். கண் அழுத்தமோ இதய நோயோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். புருவம் இறங்கியிருந்தால் இந்தச் சொட்டால் பயனில்லை. பொறுத்திருப்பதுதான் வழி.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு இமையும் இறங்குவது, பொருள்கள் இரண்டாகத் தெரிவது, விழுங்கச் சிரமம், குரல் கம்முவது, கழுத்துத் தளர்வது, மூச்சு வாங்குவது ஆகியவற்றில் எதுவும் வந்தால் அது வெறும் இமைப் பிரச்சினை அல்ல. மருந்து உடலில் பரவியதன் அறிகுறி. சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். 2009 முதல் அமெரிக்காவில் இந்த மருந்துகளின் உறையில் கட்டம் கட்டி இந்த எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று விதி. தீவிர சிகிச்சைப் பிரிவும் நரம்பியல் பிரிவும் உள்ள மருத்துவமனைக்கு உடனே போய், “போடாக்ஸ் போட்டேன்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

தங்கை ஒரு பார்லரில் உதட்டுக்கு ஃபில்லர் போட்டாள். அன்றிரவே மேல் உதட்டில் ஒரு பக்கம் திட்டுத்திட்டாக நிறம் மாறியது. “ரத்தக்கட்டுதான், ஐஸ் வையுங்கள்” என்றார்கள். மூன்றாம் நாள் சீழ்க் கொப்புளம் மாதிரி வந்து, பக்கு கட்டி, இப்போது தழும்பாகிவிட்டது. இதை முன்பே எப்படித் தெரிந்துகொண்டிருக்க முடியும்?
– எம்., சென்னை

உங்கள் வர்ணனை ரத்தக்குழாய் அடைப்பைத்தான் காட்டுகிறது. ஜெல் உதட்டுத் தமனிக்குள் போனாலோ, வெளியிலிருந்து அதை நசுக்கினாலோ, அந்தக் குழாய் ரத்தம் கொடுக்கும் தோல் பட்டினி கிடந்து சாகத் தொடங்கும். மூன்றாம் நாள் வரும் கொப்புளத்தை முகப்பரு என்றும் அக்கி என்றும் நினைத்துக் களிம்பு தடவுகிறார்கள். அதற்குள் மருத்துவம் செய்ய வேண்டிய நல்ல நேரம் போய்விடுகிறது.

ரத்தக்கட்டு என்றால் நீலம் அல்லது கருஞ்சிவப்பாக, ஊசி குத்திய இடத்தைச் சுற்றியே இருக்கும். விரலால் அழுத்தினாலும் நிறம் மாறாது. வலி குறைவு, நாளாக நாளாக மஞ்சளாகி மறையும். அடைப்பில் முதலில் தோல் வெளுக்கும். அதன்பிறகு வலைபின்னியது போல ஊதா நிறக் கோடுகள் வரும். குத்திய இடத்தோடு நிற்காமல் ரத்தக்குழாயின் பாதையிலேயே பரவும். மேல் உதட்டில் போட்டால் மூக்கின் கீழ்ப் பள்ளத்துக்கும் மூக்கு நுனிக்கும்கூடப் போகும். வலி கூடிக்கொண்டே வரும். இதில் ஒரு சூது உண்டு: பல ஃபில்லர்களில் மரத்துப்போகும் மருந்தான லிடோகேயின் கலந்தே வருகிறது. அதனால் முதல் சில மணி நேரம் வலி தெரியாமலே போகலாம். ‘வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை’ என்ற முடிவுக்கு வராதீர்கள்.

நம்முடைய மாநிறத் தோலில் வெளுப்பு சட்டென்று கண்ணில் படாது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அதனால் உதட்டை மடித்து உள்பக்கத்தைப் பாருங்கள். ஈரமான உள்சதையில் நிறமாற்றம் தெளிவாகத் தெரியும். அடுத்து, சந்தேகமான இடத்தை ஐந்து விநாடி விரலால் அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். மூன்று, நான்கு விநாடி பிடித்தால், அல்லது மறுபக்க உதட்டைவிடத் தாமதமானால், அந்த நிமிடமே கிளம்ப வேண்டியதுதான். போட்டுக்கொண்டவர் வீட்டுக்கு வந்த பிறகும் படுக்கும் முன்பும் மறுநாள் காலையும் இதைச் செய்து பார்க்கலாம். செலவில்லாத சோதனை.

ஐஸ் வைக்கக் கூடாது, அது குழாயை இன்னும் சுருக்கும். மிதமான சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம். ஆனால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் உட்காரவும் கூடாது. உண்மையான வைத்தியம் ஹயலூரோனிடேஸ் என்ற என்சைம் ஊசி. ஹயலூரானிக் அமில ஜெல்லை அது கரைத்துவிடும். இந்தியாவில் 1,500 யூனிட் குப்பிகளாகக் கிடைக்கிறது. கண் அறுவை சிகிச்சையிலும் பயன்படுகிற மருந்துதான். உதட்டுப் பகுதி அடைப்புக்கு ஏறக்குறைய 500 யூனிட் போட்டு, ஒரு மணி நேரம் பார்த்து, நிறம் திரும்பாவிட்டால் மறுபடி போடுவார்கள். மூக்குக்கும் பரவியிருந்தால் அளவு கூடும். ஜெல் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் போட்டால் போதாது, நிறம் மாறிய பகுதி முழுக்க நனைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் போட்டால் தழும்பில்லாமல் தப்பிக்க நல்ல வாய்ப்பு. 72 மணி நேரத்துக்குப் பிறகு பலன் வெகுவாகக் குறைந்துவிடும். அப்போதும் போகாமல் இருக்க வேண்டாம்.

இந்த என்சைம் சிலருக்கு ஒவ்வாமை தரும். தேனீ கொட்டி மோசமாக வீங்கியவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அட்ரினலின் ஊசி பக்கத்தில் இல்லாத இடத்தில் இதைப் போடக் கூடாது. ஆக, ஃபில்லர் போடும் இடத்தில் ஹயலூரோனிடேஸ் குப்பிகள் இருக்கின்றனவா என்று கேட்பது உங்கள் உரிமை. “அதெல்லாம் தேவைப்படாதும்மா” என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

தழும்புக்கு இப்போது லேசர் போன்ற சிகிச்சைகள் உண்டு. பக்கு முழுக்க உதிர்ந்து, தோல் அமைதியான பிறகுதான் தொடங்குவார்கள். தங்கையை நேரில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூக்கை எடுப்பாக்க ஃபில்லர் போடலாம் என்றிருக்கிறேன். கண் பார்வை போய்விடும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். மூக்குக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? மிகைப்படுத்துகிறார்களா?
– கா.வி., மதுரை

மிகையல்ல. நடப்பது அபூர்வம், நடந்தால் பெரும்பாலும் பார்வை திரும்பாது.

மூக்கின் மேல்பகுதிக்கும் புருவ இடைக்கும் நெற்றிக்கும் ரத்தம் கொண்டுவரும் கிளைகள் கண்ணுக்குப் போகும் தமனியிலிருந்து பிரிபவை. ஊசி முனை அப்படி ஒரு கிளைக்குள் இருக்கும்போது பிஸ்டனை அழுத்தினால், ஜெல் ரத்தத்தின் போக்குக்கு எதிராகப் பின்னால் தள்ளப்படும். கை எடுத்ததும் ரத்த ஓட்டம் அதை முன்னே அடித்துக்கொண்டு போய் விழித்திரைத் தமனியில் சொருகிவிடும். இதற்கு எவ்வளவு ஜெல் வேண்டும் தெரியுமா? புருவ இடையிலிருந்து கண்குழியின் ஆழம் வரை அந்தத் தமனியின் கொள்ளளவு சராசரியாக 0.085 மி.லி. என்று சடலங்களில் அளந்திருக்கிறார்கள். ஒரு ஃபில்லர் ஊசியில் இருப்பது 1 மி.லி. அதில் பத்தில் ஒரு பங்கே போதும். அனுபவமுள்ளவர்கள் ஒரே இடத்தில் 0.1 மி.லி.க்கு மேல் ஒரே அழுத்தில் விடாததற்குக் காரணம் இந்தக் கணக்கு.

2015 வரை உலக மருத்துவ இதழ்களில் வந்த 98 பார்வைக் கேடுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று உண்டு. அதிகம் நடந்த இடம் புருவ இடை, அடுத்தது மூக்கு, பிறகு மூக்கோரக் கோடு, நெற்றி. சொந்தக் கொழுப்பை எடுத்துப் போட்டதில்தான் அதிகம், அடுத்து ஹயலூரானிக் அமிலம். ‘நம் உடம்புக் கொழுப்புதானே, ஒன்றும் செய்யாது’ என்பவர்கள் இதைக் கவனிக்கலாம். கொழுப்பைக் கரைக்க என்சைமும் கிடையாது.

ஆபத்தைக் குறைக்கும் வழிகள் உண்டு: கூர் ஊசிக்குப் பதில் 25 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த மழுங்கல் முனைக் கேன்யுலா, விடுவதற்கு முன் பிஸ்டனைப் பின்னால் இழுத்துச் சில விநாடி பொறுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது, மெதுவாக அழுத்துவது, முனையை அசைத்துக்கொண்டே விடுவது. எதுவும் முழுக் காப்பு அல்ல. இழுத்துப் பார்த்து ரத்தம் வராமல் இருந்தும் அடைப்பு வந்ததுண்டு.

ஊசி போடும்போதே ஒரு கண் இருண்டாலோ, கண்ணிலோ தலையிலோ சுரீரென்ற வலி வந்தாலோ, இமை இறங்கினாலோ, குமட்டினாலோ உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். விழித்திரை ரத்தமில்லாமல் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. சேதம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். பக்கத்தில் விழித்திரை மருத்துவர் இருக்கும் மருத்துவமனை எது என்று ஊசி போடும் மருத்துவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மூக்கில் ஏற்கெனவே அறுவை சிகிச்சை ஆகியிருந்தால் ஃபில்லர் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தழும்புத் திசுவில் ரத்தக்குழாய்கள் இடம் மாறிக் கிடக்கும், ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும். அறுவை இல்லாத மூக்கிலும், கண்ணாடியில் தெரியும் குறைக்காக இந்த ஆபத்து தேவையா என்று ஒரு வாரம் யோசியுங்கள்.

சலுகை விலையில் “50 யூனிட் போடாக்ஸ்” போட்டேன். ஒரு மாதமாகியும் ஒரு மாற்றமும் இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?
– எஸ்.பி., சேலம்

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சும்மா இருக்கும்போதும் தெரிகிற ஆழமான கோடு ஊசியால் முழுக்கப் போகாது. முகம் சுளிக்கும்போது மட்டும் வரும் கோடுதான் மறையும். சுளித்துப் பாருங்கள். ஒரு மாதமாகியும் தசை பழைய பலத்தோடு நெரிந்தால், மருந்தில்தான் கோளாறு.

அடுத்து, எந்த பிராண்டின் 50 யூனிட்? யூனிட் என்பது கிராம் மாதிரிப் பொது அளவு அல்ல. புருவ இடைக்கு போடாக்ஸில் 20 யூனிட் என்றால், டிஸ்போர்ட்டில் அதே வேலைக்கு 50 யூனிட். பெயரை மாற்றிச் சொல்லி எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டுவது சுலபம்.

மூன்றாவது, தண்ணீர். குப்பியில் மருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத வெண்படலமாக இருக்கும். 100 யூனிட் போடாக்ஸ் குப்பியில் 2.5 மி.லி. சலைன் கலந்தால் 0.1 மி.லி.யில் 4 யூனிட். 5 மி.லி. கலந்தால் அதே 0.1 மி.லி.யில் 2 யூனிட்தான். ஊசியில் இருக்கும் கோடுகளை எண்ணியும் ஏமாறலாம். முகத்துக்குப் பெரும்பாலும் இன்சுலின் சிரிஞ்சில்தான் போடுகிறார்கள், நம் ஊரில் அது இரண்டு வகையில் கிடைக்கிறது. 1 மி.லி.க்கு 40 கோடு போட்டது ஒன்று, 100 கோடு போட்டது இன்னொன்று. 2.5 மி.லி. கலவையில், 40 கோட்டுச் சிரிஞ்சில் ஒரு கோடு சரியாக ஒரு யூனிட். 100 கோட்டுச் சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உள்ளே இருப்பது 8 யூனிட் மட்டுமே. வேண்டுமென்றே செய்தாலும் தெரியாமல் செய்தாலும் விளைவு ஒன்றுதான்.

குப்பி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்திருக்க வேண்டும். கலந்த பிறகு 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தச் சொல்கிறது போடாக்ஸ் உறை. அதற்கு மேலும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் போடுகிறவர்கள் உண்டு. உங்கள் முன்னாலேயே குப்பியைத் திறந்து, எவ்வளவு சலைன் என்று சொல்லிக் கலக்கச் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பலன் இல்லை என்று உடனே இன்னொரு இடத்தில் போட்டுவிடாதீர்கள். முதல் ஊசியிலிருந்து மூன்று மாதம் போகட்டும். அடிக்கடி, அதிக அளவில் போட்டால் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கி, பிறகு உண்மையான மருந்தும் வேலை செய்யாமல் போகலாம்.

இங்கே ஒரு பெண் வீட்டுக்கே வந்து ஊசி போடுகிறார். கிளினிக்கைவிடப் பாதி விலை. மருந்தை இணையத்தில் வாங்குகிறாராம். தோழிகள் பலர் போட்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள்.
– கலா, கிள்ளான், மலேசியா

மலேசியாவில் முக ஊசி போட மருத்துவராகப் பதிவு செய்திருந்தால் மட்டும் போதாது. அழகியல் சிகிச்சைக்கென சுகாதார அமைச்சு தரும் எல்.சி.பி. கடிதமும் வேண்டும், பதிவு பெற்ற கிளினிக்கில்தான் போட வேண்டும். வீட்டுக்கு வருபவரிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள்.

2024-ல் அமெரிக்காவில் 11 மாநிலங்களில் 22 பெண்கள் இப்படிப்பட்ட ஊசிகளால் பாதிக்கப்பட்டார்கள். 11 பேர் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. போலி மருந்து, எங்கிருந்து வந்தது என்று தெரியாத மருந்து. உரிமமோ பயிற்சியோ இல்லாதவர்கள் வீட்டிலும் ஸ்பாவிலும் வைத்துப் போட்டவை. போலியில் ஒன்றுமே இல்லாமல் இருந்தால் பணம் மட்டும் போகும். அளவு தெரியாத நச்சு இருந்தால் உயிரோடு விளையாட்டு.

அதே ஆண்டு இன்னொரு செய்தி: நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமமில்லாத ஒரு ஸ்பாவில் சொந்த ரத்தத்தை எடுத்து முகத்தில் குத்திக்கொண்ட ‘வேம்பயர் ஃபேஷியல்’ வாடிக்கையாளர்களுக்கு ஹெச்.ஐ.வி. தொற்றியதை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் உறுதிசெய்தது. அங்கே பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள் சமையலறையில் கிடந்தன. தோழிகள் நன்றாக இருப்பது நல்ல செய்திதான். அது அவர்களுக்குப் போட்ட குப்பியைப் பற்றிய செய்தி, உங்களுக்கு வரப்போகும் குப்பியைப் பற்றியது அல்ல.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. குளுட்டாதயோன் ட்ரிப் பத்து முறை ஏற்றினால் கலர் வரும் என்கிறார்கள்.
– திருநெல்வேலியிலிருந்து இருவர்

வேண்டாம். இந்தியாவில் குளுட்டாதயோன் ஊசிக்கு அனுமதி இருப்பது குடியால் வரும் கல்லீரல் நோய்க்கு, தோல் நிறத்துக்கு அல்ல. நிறத்துக்காக இதை நரம்பில் ஏற்றுவதைப் பற்றி பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே எச்சரித்தது. தோல் உரிந்து விழும் கடுமையான ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு எல்லாம் அந்த எச்சரிக்கையில் இருக்கிறது. நிறம் சற்று மாறினாலும் நிறுத்தியதும் பழையபடி வந்துவிடும். மாநிறத்தை நோயாக நினைத்து நரம்பில் மருந்து ஏற்றும் கூத்துக்கு நாங்கள் தேதி குறித்துக் கொடுக்க முடியாது.

சரி, கல்யாணத்துக்கு போடாக்ஸோ ஃபில்லரோ போடுவதென்றால் எப்போது போட வேண்டும்? பிறகு என்னென்ன செய்யக் கூடாது?
– நி., தஞ்சாவூர்

போடாக்ஸ் மூன்று நாளில் தெரிய ஆரம்பித்து, 14-ம் நாள் முழுப் பலன் தரும். ஏறுமாறாக இருந்தால் அப்போதுதான் திருத்த முடியும். அதனால் நான்கு வாரம் முன்பு. ஃபில்லர் வீக்கமும் கன்றிப்போவதும் இரண்டு வாரம் வரை நிற்கலாம் என்பதால் ஆறு வாரம் முன்பு. முதல்முறை போடுபவர்கள் மூன்று மாதம் முன்பே போட்டுவிட்டால், பிடிக்காவிட்டாலும் போடாக்ஸ் முகூர்த்தத்துக்குள் பெருமளவு இறங்கிவிடும்.

போட்ட பிறகு நான்கு மணி நேரம் படுக்காமல், தேய்க்காமல் இருங்கள். அன்று உடற்பயிற்சியும் மதுவும் வேண்டாம். ஃபேஷியல், ஸ்டீம், த்ரெடிங், முகத்தை அழுத்தும் மசாஜ் எல்லாம் இரண்டு வாரம் கழித்து. நலங்குக்கு முகத்தில் மஞ்சள் தேய்க்கும் அத்தைமார்களுக்கும் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

எனக்கு 58 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டு. ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். போடலாமா?
– ஜெ., புதுச்சேரி

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் போடலாம். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். கன்றிப்போனால் பத்து நாளில் போய்விடும், ஸ்டென்ட் அடைத்தால் அப்படி அல்ல. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, வலி மாத்திரை ஆகியவற்றைத்தான் ஒரு வாரம் முன்பு மருத்துவரைக் கேட்டு நிறுத்தலாம்.

போடாக்ஸ் கூடாதவர்கள்: மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு–தசை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், ஊசி போடும் இடத்தில் புண்ணோ சீழோ உள்ளவர்கள். ஜென்டாமைசின், அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் அது முடியும்வரை தள்ளிப்போட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் தசைத் தளர்ச்சி கூடும். பசும்பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு டிஸ்போர்ட் ஆகாது. உதட்டில் அடிக்கடி அக்கி வருபவர்கள் ஃபில்லருக்கு முன்பே சொன்னால் தடுப்பு மாத்திரை தருவார்கள். பல் பிடுங்குவதோ வேர் சிகிச்சையோ இருந்தால் இரண்டு வாரம் முன்னும் பின்னும் ஃபில்லர் வேண்டாம். வாயிலிருந்து ரத்தத்தில் ஏறும் கிருமி ஜெல்லில் போய் உட்காரும்.

கன்னத்தில் ஃபில்லர் போட்டு ஏழு மாதம். போன வாரம் காய்ச்சல் வந்தபோது அந்த இடம் வீங்கி, உள்ளே உருண்டை தட்டுப்படுகிறது.
– வாசகி, ஓசூர்

காய்ச்சல், பல் தொற்று, தடுப்பூசி ஆகியவற்றின்போது நோய் எதிர்ப்பு சக்தி முடுக்கிவிடப்படும்போது ஜெல்லைச் சுற்றி இப்படி வீங்குவதுண்டு. பலருக்குத் தானே வடியும். ஆனால் தொட்டால் சூடாக, சிவந்து, வலித்தால் ஜெல்லில் கிருமி குடியேறியிருக்கலாம். பிதுக்காதீர்கள், கீறாதீர்கள், மருந்துக் கடையில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்காதீர்கள். கிருமி இருக்கும்போது வெறும் ஸ்டீராய்டு அதை அமுக்கி வளர்த்துவிடும். ஆன்டிபயாடிக் தொடங்கிய பிறகு தேவைப்பட்டால் என்சைம் போட்டுக் கரைப்பார்கள். அதற்கு உள்ளே இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். ஹயலூரானிக் அமிலம் என்றால் கரையும். கால்சியம் வகை, பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக் வகை என்றால் கரையாது. விலை மலிவு என்று திரவ சிலிக்கானைப் போட்டுவிட்டிருந்தால் பெரிய தொல்லை, அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். சில நேரம் முழுக்க எடுக்கவும் முடியாது.

மகளுக்கு 17 வயது. ஊசியே இல்லாத ‘ஹயலூரான் பேனா’வால் உதட்டைப் பெரிதாக்கலாம் என்கிறாள்.
– தாய், நாகர்கோவில்

இரண்டுக்கும் பதில் கூடாது என்பதுதான். அந்தப் பேனா ஜெல்லைக் காற்றழுத்தத்தால் தோலுக்குள் அடிக்கிறது. எவ்வளவு ஆழம் போகும், ரத்தக்குழாயில் போகுமா என்பது யார் கையிலும் இல்லை. 2021 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்று எச்சரித்தது. வயதைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் அதே மாதம் 1-ம் தேதி முதல் 18 வயதுக்குக் கீழ் அழகுக்காக போடாக்ஸோ ஃபில்லரோ போடுவது குற்றம்.

போட்டவர்கள் மருந்தின் பெயரைச் சொல்ல மறுக்கிறார்கள். எங்கே புகார் செய்வது?
– பெயர் வேண்டாம், திருச்சி

ஒவ்வொரு ஃபில்லர் பெட்டியிலும் தொகுதி எண்ணும் காலாவதி தேதியும் அச்சிட்ட சிறு ஸ்டிக்கர் இருக்கும். அது உங்கள் கோப்பில் ஒட்ட வேண்டியது. இனி போடுபவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது குப்பியையும் பெட்டியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலையில், முதலில் சிகிச்சைக் குறிப்பின் நகலை எழுத்தில் கேளுங்கள். ரசீது, போன் உரையாடல், நாள்வாரியாக எடுத்த முகப் படங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பக்கவிளைவை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-ல் தெரிவிக்கலாம். ஃபில்லர் மருத்துவ சாதனக் கணக்கில் வந்தாலும் இதே எண்தான். போட்டவர் மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் அவருடைய பதிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். மருத்துவரே இல்லை என்றால், அல்லது அந்த இடத்துக்கே கிளினிக் பதிவு இல்லை என்றால், மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காவல் நிலையத்துக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் போவதானால் அந்தச் சீட்டும் படங்களும்தான் உதவும்.